நிலைமாற்றமும் மறை வெப்பமும்

நம்மைச் சூழ்ந்துள்ள பொருள்கள் சாதாரணமாகத் திடம், திரவம், வாயு என்னும் மூன்று நிலைகளுள் ஏதேனும் ஒன்றில் காணப்படுகின்றன. கல்லும் இரும்பும் திடப்பொருள்கள். நீரும் எண்ணெயும் திரவங்கள். காற்று பல வாயுக்களின் கலவை. எனினும், இந்நிலைகள் அப்பொருள்களுக்கு என்றென்றும் உரியவை அல்ல. இரும்பு உலையில் உருகி ஓடுகிறது. காற்றைப் போதிய அளவு குளிரச் செய்தால் அதுவும் திரவமாகிறது. நீர் ஒன்றே மூன்று நிலைகளிலும் நாம் எளிதிற் காணத்தக்க பொருளாக விளங்குகிறது.

பொருள் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறும்பொழுது அதன் உஷ்ணநிலை என்னவாகிறது? இவ்வினா பள்ளிப் பாடத்திற்கு மட்டுமே உரியது போலத் தோன்றலாம். ஆனால், இதன் விடையை அறிந்து ஒழுகுவதைப் பொறுத்தே, தொலைதூரக் கிராமத்தில் ஒரு குழந்தைக்குப் போடப்படும் தடுப்பூசி பயன் தருவதும் பயனற்றுப் போவதும் அமைகின்றன. அது எவ்வாறு என்பதைப் படிப்படியாக ஆராய்வோம்.

மூன்று நிலைகளும் மூலக்கூறுகளும்

எல்லாப் பொருள்களும் கண்ணுக்குப் புலப்படாத மிக நுண்ணிய துகள்களால் ஆனவை. நீரைப் பொறுத்தவரை இத்துகள்களை மூலக்கூறுகள் என்கிறோம். இவை ஒன்றையொன்று கவர்ந்து நிற்கின்றன; அதே சமயத்தில் இடைவிடாது அசைந்துகொண்டும் இருக்கின்றன. கவர்ச்சி அவற்றைச் சேர்த்துவைக்க முயல்கிறது; அசைவு அவற்றைப் பிரிக்க முயல்கிறது.

திடப்பொருளில் கவர்ச்சியே மேலோங்கியுள்ளது. மூலக்கூறுகள் தத்தம் இடத்தை விட்டு அகலாமல் அங்கேயே அதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஆகையால் திடப்பொருளுக்கு நிலையான வடிவமும் நிலையான பருமனும் உண்டு. திரவத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டுப் பிரியாவிடினும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. எனவே திரவத்திற்குப் பருமன் உண்டு. வடிவத்தை அது கொள்கலத்திலிருந்து பெறுகிறது. வாயுவில் மூலக்கூறுகள் விலகிச் சென்று, கிடைத்த இடம் முழுவதும் பரவிவிடுகின்றன.

பனிக்கட்டி நீராவதிலும், நீர் ஆவியாவதிலும் புதிய பொருள் எதுவும் உண்டாவதில்லை. ஆவியைக் குளிரச் செய்தால் அதே நீரைத் திரும்பப் பெறலாம். விறகு எரிந்து சாம்பலாவது போன்ற இரசாயன மாற்றத்திற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுவே. நிலைமாற்றம் ஒரு பௌதிக மாற்றம் ஆகும்.

உஷ்ணமானி ஓரிடத்தில் நிற்கிறது

வெப்பம் வேறு, உஷ்ணநிலை வேறு. ஒரு குவளை நிறையக் கொதிநீரும், ஒரு அண்டா நிறைய வெதுவெதுப்பான நீரும் இருப்பதாகக் கொள்வோம். உஷ்ணநிலை குவளையில் உயர்ந்தது. ஆனால் அண்டாவிலுள்ள வெப்பத்தின் மொத்த அளவோ மிகுதி. உஷ்ணநிலையை உஷ்ணமானி காட்டும். வெப்பத்தின் அளவைக் கிலோகலோரி என்னும் அலகால் குறிக்கலாம். ஒரு கிலோகிராம் நீரின் உஷ்ணநிலையை ஒரு டிகிரி சென்டிகிரேட் உயர்த்தத் தேவைப்படும் வெப்பம் ஒரு கிலோகலோரி. இன்றைய பாடநூல்கள் ஜூல் என்னும் அலகை மேற்கொள்கின்றன. ஒரு கிலோகலோரி ஏறத்தாழ 4,186 ஜூல்களுக்குச் சமம். கணக்கிடுவதற்கு எளிமையாக இருப்பதால் இக்கட்டுரையில் பழைய அலகையே பயன்படுத்துவோம்.

ஒரு பாத்திரத்தில் நொறுக்கிய பனிக்கட்டியை இட்டு, அதனுள் ஆய்வுக்கூட உஷ்ணமானி ஒன்றை வைத்து, மெல்லிய தீயில் கிளறிக்கொண்டே சூடாக்குக. உஷ்ணமானி 0 டிகிரியைக் காட்டும். அடுப்பிலிருந்து வெப்பம் தொடர்ந்து வந்துகொண்டிருப்பினும், பனிக்கட்டியின் கடைசித் துண்டு உருகும் வரையில் பாதரசம் மேலே ஏறாது. கட்டி முழுவதும் கரைந்த பின்னரே அது ஏறத் தொடங்கும். 100 டிகிரியை அடைந்து நீர் கொதிக்கலானதும் மீண்டும் நின்றுவிடும். தீயை எவ்வளவு பெரிதாக்கினாலும் நீர் விரைவில் வற்றுமேயன்றி அதன் உஷ்ணநிலை உயராது.

அவ்வாறாயின் இடையில் வந்த வெப்பம் எங்கே போயிற்று? மூலக்கூறுகளின் பிணைப்பைத் தளர்த்துவதற்கு அது செலவாகிவிட்டது. அது பொருளில் இருக்கிறது. ஆயினும் உஷ்ணமானிக்குப் புலப்படாமல் மறைந்திருக்கிறது. எனவே இதற்கு மறை வெப்பம் எனப் பெயர். நீர் மீண்டும் உறையும்பொழுது இவ்வெப்பம் ஒரு சிறிதும் குறையாமல் வெளிப்படும்.

ஜோசப் பிளாக்கின் ஆராய்ச்சி

பனிக்கட்டி உருகும் உஷ்ணநிலையை அடைந்தவுடன் மிகச் சிறிதளவு வெப்பமே அதனை முழுவதும் நீராக்கிவிடும் என்று பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பலரும் கருதிவந்தனர். அவ்வாறிருந்தால் மலைகளில் உறைந்துள்ள பனி முழுவதும் கோடையின் முதல் வெயிலிலேயே உருகிப் பெருவெள்ளமாகப் பாய்ந்திருக்க வேண்டும். அங்ஙனம் நிகழ்வதில்லை என்பதைக் கவனித்தவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் ஆசிரியராயிருந்த ஜோசப் பிளாக். தமது முடிவுகளை அவர் 1762-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார்.

அவர் செய்த சோதனை மிக எளியது. ஒரே அளவான இரு கண்ணாடிக் குடுவைகளில், ஒன்றில் பனிக்கட்டியையும் மற்றதில் அதே எடையுள்ள குளிர்ந்த நீரையும் எடுத்துக்கொண்டார். பனிக்கட்டி 32 டிகிரி பாரன்ஹீட்டிலும், நீர் 33 டிகிரியிலும் இருந்தன. இரண்டையும் 47 டிகிரி உஷ்ணநிலையிலிருந்த ஒரு பெரிய கூடத்தில் வைத்தார். நீர் அரைமணி நேரத்தில் 40 டிகிரியை அடைந்தது. பனிக்கட்டி உருகி அதே 40 டிகிரியை எட்டுவதற்குப் பத்தரை மணி நேரம், அதாவது 21 அரைமணிகள் பிடித்தன.

ஒவ்வோர் அரைமணியிலும் நீரை 7 டிகிரி உயர்த்தக்கூடிய வெப்பம் குடுவையினுள் புகுந்தது எனக் கொண்டால், 21 அரைமணிகளில் புகுந்தது 147 டிகிரிக்குரிய வெப்பம் ஆகும். இதில் உருகிய நீர் 32-லிருந்து 40-க்கு உயர்வதற்குச் செலவானது 8 டிகிரி மட்டுமே. எஞ்சிய 139 டிகிரி உருகுவதற்கே செலவாயிற்று. சென்டிகிரேட் அளவில் இது ஏறத்தாழ 77 ஆகும். நுட்பமான கருவிகளைக் கொண்டு பிற்காலத்தில் கண்டறியப்பட்ட மதிப்பு ஏறத்தாழ 80. இரண்டு குடுவைகளும் ஒரு கடிகாரமும் கொண்டு ஒருவர் இவ்வளவு நெருங்கி வந்தது வியக்கத்தக்கதே. அதே பல்கலைக் கழகத்தில் கருவிகள் செய்துவந்த ஜேம்ஸ் வாட் பிளாக்கின் நண்பர். நீராவி தன்னுள் எவ்வளவு வெப்பத்தைச் சுமந்து செல்கிறது என்பதை ஆராய்ந்து, 1765-இல் நீராவி இயந்திரத்தைத் திருத்தியமைக்கும் வழியைக் கண்டவர் அவரே.

நீரின் மறை வெப்பங்கள்

ஆக, 0 டிகிரியிலுள்ள ஒரு கிலோகிராம் பனிக்கட்டி அதே 0 டிகிரியிலுள்ள நீராவதற்கு 80 கிலோகலோரி வேண்டும். அதே வெப்பம் ஒரு கிலோகிராம் நீரை 0-லிருந்து 80 டிகிரி வரை சூடாக்கப் போதுமானது. 100 டிகிரியிலுள்ள ஒரு கிலோகிராம் நீர் ஆவியாவதற்கோ ஏறத்தாழ 540 கிலோகலோரி வேண்டும். திரவத்தில் நெருங்கியிருக்கும் மூலக்கூறுகளை முற்றிலும் பிரித்துவிட வேண்டியிருப்பதால் இவ்வளவு வெப்பம் தேவைப்படுகிறது.

நீராவியால் ஏற்படும் புண் கொதிநீரால் ஏற்படுவதைக் காட்டிலும் கொடியதாயிருப்பதற்குக் காரணம் இதுவே. 10 கிராம் கொதிநீர் தோலின் மேற்பட்டு 40 டிகிரிக்குக் குளிரும்பொழுது 0.6 கிலோகலோரி வெப்பத்தைத் தருகிறது. 10 கிராம் நீராவியோ முதலில் நீராக மாறும்பொழுதே 5.4 கிலோகலோரியைக் கொட்டிவிட்டு, அதன் பின்னர் மேற்சொன்ன 0.6-ஐயும் தருகிறது. அதாவது, உஷ்ணநிலை ஒன்றேயாயினும் வெப்பம் பத்து மடங்கு.

நீர் கொதித்துத்தான் ஆவியாக வேண்டும் என்பதில்லை. எந்த உஷ்ணநிலையிலும் அதன் மேற்பரப்பிலிருந்து ஆவி எழுந்துகொண்டேயிருக்கும். தேவைப்படும் மறை வெப்பத்தைச் சுற்றியுள்ள பொருளிலிருந்து கவர்ந்துகொள்ளும். மண்பானையில் நீர் குளிர்வதும், வட இந்தியக் கோடையில் வெட்டிவேர்த் தட்டிகளை நனைத்துத் தொங்கவிடுவதும் இத்தத்துவத்தைப் பற்றியவையே. நம் உடலும் வியர்வையைக் கொண்டே வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். ஆனால் வழிந்து சொட்டும் வியர்வையால் பயனில்லை. அது ஆவியாக வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்துள்ள புழுக்க நாட்களில் ஆவியாதல் தடைப்படுவதால், உஷ்ணமானி காட்டும் அளவு அத்துணை உயராவிடினும் உடலுழைப்பாளர்களுக்குப் பெருந்தீங்கு நேரக்கூடும்.

உருகுநிலையின் இயல்புகள்

தூய படிகப் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பிட்ட உருகுநிலை உண்டு. ஈயம் ஏறத்தாழ 327 டிகிரியிலும், இரும்பு 1,538 டிகிரியிலும் உருகுகின்றன. காலியம் என்னும் உலோகம் 30 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே உருகுவதால் உள்ளங்கைச் சூட்டிலேயே திரவமாகிவிடும். மெழுகு, கண்ணாடி போன்றவை திட்டமான உருகுநிலையின்றிப் படிப்படியாக இளகுகின்றன.

பனிக்கட்டியைப் பொறுத்தவரை மேலும் இரண்டு இயல்புகளைக் கருத வேண்டும். முதலாவது, நீர் உறையும்பொழுது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு விரிகிறது. பெரும்பாலான திரவங்கள் உறையும்பொழுது சுருங்குகின்றன. நீர் அவற்றிற்கு மாறானது. இதனாலேயே பனிக்கட்டி நீரில் மிதக்கிறது. நிறைய நீர் நிரப்பி மூடிய புட்டி உறைந்தால் வெடிக்கிறது. இரண்டாவது, நீருடன் உப்பு கலந்தால் அதன் உறைநிலை தாழ்கிறது. பனிக்கட்டியையும் உப்பையும் தக்க விகிதத்தில் கலந்தால் 0-க்குக் கீழே ஏறத்தாழ 21 டிகிரி வரை குளிர்ச்சியைப் பெறலாம். குல்பி செய்வோர் பானையில் பனிக்கட்டியோடு உப்பை இடுவது இதற்காகவே.

கடல் கடந்து வந்த பனிக்கட்டி

மறை வெப்பத்தின் ஆற்றலை விளக்கும் வரலாற்றுச் சான்று ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. 1833-ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘டஸ்கனி’ என்னும் கப்பல், பிரெடரிக் டியூடர் என்னும் வணிகர் அனுப்பிய 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டது. குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியே அறுத்தெடுக்கப்பட்டு இவ்வாறு அனுப்பப்பட்டது. கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி, பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, நான்கு மாதங்களுக்குப் பின்னர் கல்கத்தாவை அடைந்தது. அப்பொழுதும் ஏறத்தாழ 100 டன் பனிக்கட்டி எஞ்சியிருந்தது.

உருகிப்போன 80 டன் பனிக்கட்டி வீணாயிற்று என்று எண்ணுதல் பிழை. வெளியிலிருந்து புகுந்த வெப்பத்தைத் தான் ஏற்றுக்கொண்டு எஞ்சிய 100 டன்னைக் காத்தது அதுவே. அந்த வெப்பத்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 80 டன் பனிக்கட்டியை உருக்கிய வெப்பம், 180 டன் நீரை 0 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 35 டிகிரிக்கு உயர்த்தப் போதுமானது. அதாவது, கப்பலில் 0 டிகிரி உஷ்ணநிலையுள்ள நீரை ஏற்றியிருந்தால், அதே வெப்பம் புகுந்த அளவில் அது வெயிற்காலக் குளத்துநீர் போலச் சூடாகியிருக்கும். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் இவ்வாறு வந்த பனிக்கட்டியைச் சேமித்துவைக்கத் தனிக் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது.

தடுப்பூசிப் பெட்டியில் நிலைமாற்றம்

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். இந்தியாவில் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் 1978-இலும், அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் 1985-இலும் தொடங்கப்பட்டன. தடுப்பு மருந்துகளைத் தயாரிக்கும் இடத்திலிருந்து குழந்தை இருக்கும் கிராமம் வரையில் உரிய குளிர்ச்சியிலேயே வைத்துக் கொண்டுசெல்ல வேண்டும். ஊசி போடும் இடத்திற்கு அவை 2 டிகிரிக்குக் குறையாமலும் 8 டிகிரிக்கு மிகாமலும் சென்றுசேர வேண்டும். போலியோ சொட்டு மருந்து வெப்பத்தால் எளிதிற் கெடுவது. மாறாக, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, மஞ்சட்காமாலையின் பி வகை ஆகியவற்றிற்குரிய தடுப்பு மருந்துகள் உறைந்தால் கெட்டுவிடும். இவற்றில் கலந்துள்ள அலுமினிய உப்பின் நுண்துகள்கள், மருந்து உறையும்பொழுது ஒன்றுதிரண்டு விடுகின்றன. பின்னர் உருகினாலும் அவை பழைய நிலையை அடைவதில்லை. மருந்தின் ஆற்றல் குன்றிவிடுகிறது.

சூடு பட்டால் மருந்து கெடும் என்பதை யாவரும் அறிவர். மிகுந்த குளிரும் அதனைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. கெட்ட மருந்து போடப்பட்ட குழந்தை அழுகிறது; தாயின் அட்டையில் தேதியும் குறிக்கப்படுகிறது; ஆனால் நோய்த்தடுப்பு மட்டும் கிட்டாமற் போகலாம். நோய் வரும் வரையில் இக்குறையை ஒருவரும் அறியார்.

சுகாதாரச் செவிலியர் கிராமத்திற்கு எடுத்துச் செல்லும் பெட்டியில் சாதாரணமாக நான்கு ஐஸ்பேக்குகள் வைக்கப்படுகின்றன. நீர் நிரப்பி உறையவைத்த தட்டையான பிளாஸ்டிக் புட்டிகளே இவை. ஒவ்வொன்றும் 0.4 லிட்டர் நீர் கொள்ளுமாயின், மொத்தப் பனிக்கட்டி 1.6 கிலோகிராம். உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் இவற்றின் உஷ்ணநிலை 0-க்குக் கீழே ஏறத்தாழ 20 டிகிரி இருக்கும். இந்நிலையிலேயே பெட்டியில் அடுக்கினால் அருகிலுள்ள மருந்துக் குப்பிகள் உறைந்துபோகலாம். ஆகவே, ஐஸ்பேக்குகளை மேசைமீது பரப்பிச் சிறிது நேரம் வெளியே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எவ்வளவு நேரம்? அது பருவத்திற்கேற்ப மாறும். கையில் எடுத்துக் குலுக்கும்பொழுது உள்ளே நீர் அலம்பும் ஒலி கேட்க வேண்டும், அதுவே அடையாளம்.

இவ்விதியின் காரணம் இப்பொழுது தெளிவாகும். பனிக்கட்டியும் நீரும் கலந்து நிற்கும் இடத்தில் உஷ்ணநிலை 0 டிகிரியாகவே இருக்கும். அதற்குக் கீழே போகாது. நீரின் ஒலி கேட்கிறதென்றால் பனிக்கட்டி 0 டிகிரியை அடைந்து உருகத் தொடங்கிவிட்டது என்பது பொருள். உஷ்ணமானி இல்லாமலேயே இதனைக் காதால் அறிந்துகொள்ளலாம்.

குளிர்ச்சியை இவ்வாறு வெளியே விடுவது வீண் அல்லவா என்று சிலர் ஐயுறலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிலோகிராம் பனிக்கட்டியின் உஷ்ணநிலையை ஒரு டிகிரி உயர்த்த அரைக் கிலோகலோரி போதும். எனவே, 1.6 கிலோகிராம் பனிக்கட்டி 20 டிகிரி உயர்வதற்கு ஏற்கும் வெப்பம் 16 கிலோகலோரி. அது உருகும்பொழுது ஏற்பதோ 128 கிலோகலோரி. உருகிய நீர் 0-லிருந்து 8 டிகிரிக்கு உயரும்பொழுது ஏற்பது ஏறத்தாழ 13 கிலோகலோரி மட்டுமே. ஆகவே, காத்திருப்பதால் நாம் இழப்பது 16-உம், அதனுடன் உருகத் தொடங்கிய சிறு பகுதிக்குரிய வெப்பமுமே. பெட்டியை நாள் முழுவதும் காக்கும் பெரும் பகுதி மறை வெப்பமாக அப்படியே எஞ்சியிருக்கிறது.

முன்னர்க் கூறிய மற்ற இரு இயல்புகளும் இங்கே பயன்படுகின்றன. ஐஸ்பேக்கில் குறியிட்ட அளவுக்கு மேல் நீர் நிரப்பலாகாது. உறையும்பொழுது நீர் விரிவதற்கு இடம் வேண்டும். ‘இன்னும் குளிர்ச்சியாயிருக்கும்’ என்றெண்ணி நீரில் உப்பு கலத்தலும் ஆகாது. உப்புநீர் 0-க்குக் கீழேயே உருகுவதால், ஒலி கேட்டாலும் அது 0 டிகிரியில் இருப்பதாகக் கொள்ள இயலாது; மருந்து உறைந்துபோக ஏதுவாகும். சுகாதார நிலையங்களிலுள்ள ஐ.எல்.ஆர். என்னும் குளிர்சாதனப் பெட்டியின் சுவர்களிலும் பனிக்கட்டியே அமைக்கப்பட்டிருக்கிறது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் தொடர்ந்து மின்சாரம் கிடைத்தாலும் மருந்தைக் காக்கும் திறன் அதற்கு இதனாலேயே வாய்த்தது.

இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் கடைசியாக நோய் கண்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சு மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசியப் பகுதி முழுவதையும் போலியோ அற்றதாக அறிவித்தது. மருந்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானிகளின் உழைப்புடன், அதனைக் குளிர்ச்சி கெடாமல் வீட்டு வாயில் வரை சுமந்து சென்ற எண்ணற்ற பணியாளர்களின் கவனமும் இவ்வெற்றியில் சேர்ந்துள்ளது.

மாணவர்களுக்கு

ஒன்று: 30 டிகிரியிலுள்ள ஒரு கிலோகிராம் நீரில், 0 டிகிரியிலுள்ள 200 கிராம் பனிக்கட்டியை இட்டால் இறுதி உஷ்ணநிலை என்ன? பனிக்கட்டிக்குப் பதிலாக 0 டிகிரியிலுள்ள 200 கிராம் நீரை ஊற்றினால் என்ன? பாத்திரமும் காற்றும் ஏற்கும் வெப்பத்தைக் கருத வேண்டாம்.

இரண்டு: உறைபெட்டியிலிருந்து அப்பொழுதுதான் எடுத்த ஐஸ்பேக் ஒன்றைக் குலுக்கினால் ஒலி கேட்பதில்லை. அதனை உடனே தடுப்பூசிப் பெட்டியில் வைக்கலாமா? காரணம் கூறுக.

விடைகள்: முதல் வினாவிற்கு, பனிக்கட்டியை இட்டால் ஏறத்தாழ 11.7 டிகிரி, நீரை ஊற்றினால் 25 டிகிரி. இரண்டாவது வினாவிற்கு, வைக்கலாகாது. ஒலி கேட்காத ஐஸ்பேக் 0 டிகிரிக்குக் கீழே இருக்கக்கூடும். அது உருகத் தொடங்கும் வரை காத்திருத்தல் வேண்டும்.